வேற்றுமையே அரண்

நுழையும்முன்

ஒரே இடத்தில் ஒரே நோய் பரவுகிறது. சில உயிர்கள் மெலிகின்றன; சில நோயை வென்று வாழ்கின்றன. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழு ஒன்று அறிவியலுக்கு உணர்த்தியது. அப்பாடம் காவிரிக்கரை வாழைக்கும் பொருந்துவதாகும்.

காவிரிக்கரை வாழை

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் சூழ்ந்தோடத் தீவாக அமைந்தது திருவரங்கம். திருச்சிராப்பள்ளிப் பகுதியின் வண்டல் நிலங்களில் பூவன், நேந்திரன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, மொந்தன் எனப் பல வாழைகள் பயிராகின்றன. உண்ணும் வாழைக்கனியில் முளைக்கத்தக்க விதை இல்லை. எனவே, தாய்மரத்தின் அடியில் தோன்றும் பக்கக்கன்றைப் பெயர்த்து நடுகின்றனர். தாயின் மரபணுக்களையே கன்றும் பெறுகிறது. ‘வாழையடி வாழை’ என்னும் வழக்கு அறிவியல் நோக்கிலும் உண்மையாகிறது.

இவ்வொருமையில் ஓர் இடரும் உண்டு. ஒரு மரத்தை வீழ்த்தும் நோய், அதே இரகத்தின் எல்லா மரங்களையும் வீழ்த்தக்கூடும். தீநுண்மியால் வரும் முடிக்கொத்து நோய் இதற்குச் சான்று. வாழை அசுவினி என்னும் சிறு பூச்சியும் நோயுற்ற கன்றும் இதனைப் பரப்புகின்றன. இலைகள் சிறுத்து, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். இளமையில் நோயுற்ற மரம் குலை தள்ளாது. நோயுற்ற மரத்தைக் குணப்படுத்த மருந்து இல்லை. அதனை வேருடன் அகற்றுவதே வழி. பழனி மலைப்பகுதியின் புகழ்பெற்ற விருப்பாச்சி வாழை இந்நோயால் பெரிதும் குறைந்துபோனது.

புழு கற்பித்த பாடம்

அழுகும் கனிகளிலும் மட்கும் தாவரங்களிலும் நுண்ணுயிரிகளை உண்டு வாழ்வது ‘சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ்’ என்னும் நூற்புழு. பல்லாண்டுகள் ஆய்வகங்களில் வளர்க்கப்பட்டபோதும், இதனை இயற்கையில் தாக்கும் தீநுண்மி எதுவும் அறியப்படவில்லை. பிரான்சு நாட்டின் ஓர்சே நகரில் அழுகிய ஆப்பிளிலிருந்து எடுக்கப்பட்ட புழுக்களில் அத்தகைய தீநுண்மி ஒன்று கண்டறியப்பட்டது. 2011ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வில் மரி ஆன் ஃபெலிக்சும் அவர்தம் குழுவினரும் அதற்கு ‘ஓர்சே தீநுண்மி’ எனப் பெயரிட்டனர். அது புழுவின் குடல் உயிரணுக்களைத் தாக்குகிறது.

உலகின் பல பகுதிகளில் சேகரித்த புழுக்களில் இத்தீநுண்மியைச் செலுத்தியபோது விளைவு ஒன்றாக இல்லை. சிலவற்றில் தீநுண்மி பல்கிப் பெருகியது, சிலவற்றில் அடங்கியது. மரபணுக்களை ஒப்பிட்ட 2013ஆம் ஆண்டு ஆய்வு இதன் முதன்மைக் காரணத்தை வெளிப்படுத்தியது. நோய்க்கு எளிதில் ஆட்பட்ட புழுக்கள் பலவற்றில் டி.ஆர்.எச்.-1 என்னும் மரபணுவின் ஒரு பகுதி இல்லை.

அம்மரபணு செய்யும் பணி யாது? தீநுண்மி பெருகும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. தோன்றுகிறது. அதனை இனங்காண டி.ஆர்.எச்.-1 உதவுகிறது. பின்னர் அவ்விழை சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. அத்துண்டுகளை அடையாளமாகக் கொண்டு, உயிரணு தீநுண்மியின் ஆர்.என்.ஏ.வைத் தேடி அழிக்கிறது. மரபணு குறைபட்டால் காவலன் பகைவனை அறியான்; எனவே, காவலும் நிகழாது. மனித உடலிலும் இம்மரபணுவின் உறவு மரபணு தீநுண்மியை உணர்த்தும் பணியைச் செய்கிறது.

தெரிந்து தெளிவோம்

• இரட்டை இழை ஆர்.என்.ஏ. மரபணுச் செயலை அடக்குவதை இப்புழுவில் 1998இல் விளக்கிய ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ ஆகியோர் 2006ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பெற்றனர்.
• இப்புழுவின் நெருங்கிய உறவினமான ‘சீனோராப்டிடிஸ் பிரிக்சே’யின் மரபணுத்தொகுதியை முதன்முதலில் அறியப் பயன்பட்ட வகை, அகமதாபாத் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது.

பன்மையைக் காத்தல்

ஒரே வகைப் புழுவை மட்டும் ஆராய்ந்திருந்தால் இவ்வுண்மை புலப்பட்டிராது. இயற்கையில் காணும் வேறுபாடே காவல் மரபணுவைக் காட்டிக்கொடுத்தது. வாழைக்கும் இதுவே நெறி. 1993ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம், நாட்டு வாழைகளையும் விதை நிறைந்த காட்டு வாழைகளையும் திரட்டிப் பேணி வருகிறது. உண்பதற்கு உதவாத காட்டு வாழை வீணானதன்று. நோயையும் வறட்சியையும் தாங்கும் பண்புகளை அது தன்னுள் வைத்திருக்கலாம். அதனை இழந்தபின் அப்பண்புகளை மீட்க இயலாது.

சந்தையில் அதிகம் விற்கும் ஒன்றிரண்டு இரகங்களே நிலமெங்கும் நிறையும் காலம் இது. வரும் நோய் எது என்பதை இன்று எவரும் அறியார். அதனை எதிர்க்கும் ஆற்றல் எவ்வகையில் உறைகிறது என்பதையும் அறியார். ஆகவே, பல வகைகளையும் அழியாமல் காத்தலே அறிவுடைமை ஆகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் விளையும் வாழை இரகங்களின் பெயர்களையும் பயன்களையும் உழவர்களிடம் கேட்டுத் தொகுக்க.
2. ‘ஒருமை விளைச்சலைப் பெருக்கலாம், பன்மையே பயிரைக் காக்கும்’ – இக்கருத்தை வகுப்பறையில் கலந்துரையாடுக.