சுக்கான் கழன்ற கதையும் புதிய சுக்கான் செய்த முறையும்



சில ஆண்டுகளுக்கு முன், தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிய நாட்களில், கார்பின்ஸ் கோவ் கரைக்கு வெளியே எங்கள் 14 அடிப் பாய்ப்படகின் சுக்கான் கழன்று விழுந்தது. படகில் நானும் அண்ணன் மகனும் மட்டுமே. கையில் இருந்த தண்டு திடீரென்று லேசாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் சுக்கான் பலகை பத்தடி தள்ளி மிதந்துகொண்டிருக்கிறது.

2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் போர்ட் பிளேர் தீவின் கிழக்குக் கரையில் இருப்பதை அறிவீர்கள். தென்மேற்குக் காற்று அங்கே கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். சுக்கான் இல்லாத படகு அந்தக் காற்றில் எந்தப் பக்கம் போகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பாயை இறக்கிவிட்டு, ஒற்றைத் துடுப்பால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போராடிக் கரை சேர்ந்தோம். பையன் வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிரவு அண்ணியிடம் நான் என்ன சொல்லிச் சமாளித்தேன் என்பது இங்கே வேண்டாம்.

நிக்கோபார் மக்களின் ஹோடிக்குச் சுக்கான் கிடையாது. பின்னால் இருப்பவர் துடுப்பாலேயே திருப்பிவிடுவார். நம் ஊர்க் கட்டுமரமும் அப்படித்தான். ஆனால் நம் சிறு பாய்ப்படகில் சுக்கானை நம்பியே எல்லாம் இருக்கிறது.

மறுநாள் ஆராய்ந்தபோது பலகையில் ஒரு கீறல்கூட இல்லை. பழைய வீட்டுக் கதவு குடுமியில் நின்று சுழல்வது போல, சுக்கான் இரண்டு ஊசிகளில் நின்று சுழல்கிறது. அந்த ஊசிகள் இறங்கும் கண்களைப் படகின் பின்பலகையில் பொருத்தியிருப்பார்கள். எங்கள் படகில் கீழ்க்கண்ணைப் பிடித்திருந்தவை வெறும் மரத் திருகாணிகள். அவை வழியே உப்புநீர் இறங்கி, உள்மரம் உளுத்து, கண் அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான். பலகையை அழகாகச் செதுக்குவதில் பத்து நாள் செலவிடுகிறோம். பொருத்துவதை அரை மணியில் முடித்துவிடுகிறோம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பலகையின் மீது தண்ணீர் பக்கவாட்டில் 30 கிலோ எடை அளவுக்குத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விசை கீழ்க்கண்ணுக்கு 40 செ.மீ. கீழே விழுகிறது. இரண்டு கண்களுக்கும் இடையே 20 செ.மீ. இருந்தால், கீழ்க்கண் தாங்க வேண்டியது 90 கிலோ. மேல்கண் எதிர்ப்பக்கமாக 60 கிலோ. இடைவெளியை 30 செ.மீ. ஆக்கினால் கீழே 70, மேலே 40 என்று குறைந்துவிடுகிறது. ஒரு பைசா செலவில்லை. ஆகவே பின்பலகை இடம் கொடுக்கும் மட்டும் கண்களைத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

திருகாணி வேண்டாம், ஊடுருவிச் செல்லும் போல்ட்டும், உட்புறம் அகலமான தாங்கு தகடும் வேண்டும். துளையை முதலில் பெரிதாகப் போட்டு, கெட்டியாகக் கலந்த எபாக்சியால் அடைத்து, அது இறுகிய பின் நடுவில் சரியான அளவுக்கு மறுபடி துளையுங்கள். போல்ட் இப்போது மரத்தைத் தொடாது. தண்ணீரும் மரத்துக்குள் போகாது. பித்தளை கடலில் நாளடைவில் துத்தநாகத்தை இழந்து பொரிந்துபோகும். 316 ரக ஸ்டெயின்லெஸ் வாங்குவது நல்லது. அதுவும் காற்றுப் புகாத ஈரத்தில் அரிக்கும் என்பதால் ஆண்டுக்கொரு முறை ஒரு போல்ட்டையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். கீழ் ஊசி மேல் ஊசியைவிட ஒரு விரல் நீளமாக இருக்கட்டும். அலையில் ஆடும் படகில் இரண்டையும் ஒரே நேரத்தில் கண்ணில் இறக்குவது எளிதல்ல. நீளமானதை முதலில் இறக்கிக்கொண்டால் மற்றது தானே வந்து சேரும்.

மரத்துக்கு வருவோம். 1883இல் தொடங்கிய சாத்தம் மரஅறுவை ஆலையின் பெயரைக் கேட்டு வளர்ந்த நமக்கு, படாக் மரத்துக்குப் பஞ்சம் வரும் என்று தோன்றியதே இல்லை. 2002இல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்திய பிறகு நிலைமை மாறியது. நான் இடிந்த வீட்டின் கதவு நிலை ஒன்றைக் கேட்டு வாங்கினேன். பல ஆண்டு காய்ந்த மரம், இனிமேல் முறுக்கிக்கொள்ளாது. ஒரே அகலப் பலகையாக வைக்காமல், 4 செ.மீ. அகலச் சட்டங்களாக அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி ஒட்ட வேண்டும். ஒன்று வளைய நினைத்தால் பக்கத்துச் சட்டம் தடுக்கும். பவளப் பாறையில் முதலில் இடிபடும் முன்விளிம்புக்குப் படாக். மற்றவற்றுக்கு இலேசான மரம் போதும். பிளைவுட்தான் கிடைக்கும் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். அதன் பாதி அடுக்குகள் குறுக்கே ஓடுவதால் சற்றுக் கனமாகவே எடுக்க வேண்டும்.

பலகையின் அகலம் 25 செ.மீ. என்றால் கனம் 25 மி.மீ. அளவில் இருக்கலாம். அதிகக் கனம் நடுவில் அல்ல, முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வர வேண்டும். முன்புறம் முட்டையின் முனை போல உருண்டையாக, பின்புறம் 2 மி.மீ. வரை மெலிந்து. இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று அட்டையில் வெட்டிய அச்சை வைத்துப் பாருங்கள், கண் ஏமாற்றிவிடும்.

எபாக்சி பூசுவதில் நம் தீவின் ஈரக்காற்று ஒரு தொல்லை. இறுகிய பூச்சின் மேல் மெழுகு போன்ற பிசுக்குப் படரும். அதன் மேலேயே அடுத்த பூச்சைப் பூசினால் தோல் உரிவது போல உரியும். நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, உப்புத்தாள் போட்ட பிறகே அடுத்தது. வெயில் எபாக்சியைக் கெடுக்கும்; ஆதலால் கடைசியில் பெயின்ட் கட்டாயம்.

நம் கரைகளில் பாறை அதிகம், ஓதம் இறங்கினால் ஆழமும் இல்லை. எனவே பலகை இடித்தால் பின்னால் தூக்கிக்கொள்ளும்படி ஒற்றை போல்ட்டில் சுழலச் செய்து, கீழே இழுத்துப் பிடிக்க ஒரு கயிறு கட்டினேன். கயிறு தளர்ந்து பலகை சற்றே பின்னால் சாய்ந்தாலும் கைப்பிடி கனத்துப்போகும். "காற்று அதிகம்" என்று பலர் காற்றைக் குறை சொல்வார்கள். பாதி நேரம் குற்றவாளி இந்தக் கயிறுதான்.

டிரெய்லரில் ஏற்றும்போது சுக்கானைக் கழற்றிப் படகுக்குள் வையுங்கள். மாட்டியபடியே மேடுபள்ளத்தில் ஓட்டினால், கடலில் ஒரு வருடத்தில் தேயாத ஊசி ஒரே பயணத்தில் ஆட்டம் கண்டுவிடும்.

கடைசியாக, படகு கவிழ்ந்தால் சுக்கான் மேலே எழும்பிக் கழலாதபடி ஒரு கொக்கி. அதுவும் தவறினால் பலகை போய்விடாதபடி ஒரு முழக் கயிறு. புதிய சுக்கானை இடுப்பளவுத் தண்ணீரில் மாட்டி, அண்ணன் மகனைவிட்டுக் கைப்பிடியைப் பலங்கொண்ட மட்டும் ஆட்டச் சொன்னேன். அசையவில்லை. இருந்தும் அவன் படகில் ஏறுமுன் துடுப்பு இருக்கிறதா என்று பார்த்தான். இரண்டு துடுப்பு வைத்திருந்தேன்.