காலி நாற்காலிக்கு ஓட்டு

கேள்வி: எங்கள் பேரூராட்சித் தலைவர் மீது ஊரே கடுப்பில் இருக்கிறது. குடிதண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் நிதி இல்லை என்கிறார்கள். வடநாட்டில் ஐந்து வருஷம் முடியும் முன்பே மக்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரை இறக்கியிருக்கிறார்கள் என்று டீக்கடையில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? ஆயிரம் பேரிடம் கையெழுத்து வாங்கிக் கலெக்டரிடம் கொடுத்தால் இங்கேயும் நடக்குமா? (பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்)

பதில்: டீக்கடையில் அவர் சொன்னது சரிதான். ஆனால் ஆயிரமல்ல, பத்தாயிரம் கையெழுத்தோடு போனாலும் கலெக்டர் அதை ஒரு புகார் மனுவாகத்தான் வாங்கிவைப்பார். பேரூராட்சித் தலைவரை இடையில் இறக்குகிற ஓட்டு தமிழ்நாட்டு வாக்காளருக்குக் கிடையாது. 2022 தேர்தலில் நீங்கள் ஓட்டுப் போட்டது வார்டு கவுன்சிலருக்கு; தலைவரைத் தேர்ந்தெடுத்தது கவுன்சிலர்கள். ஓட்டுப் போட்டு இறக்குவதென்றால் ஏற்றியவர்களால்தான் முடியும். சங்கரன்கோவில் நகராட்சித் தலைவர் 2025இல் பதவி இழந்தது கவுன்சிலர்கள் போட்ட ஓட்டில். அதற்கு முந்தைய வருஷம் காஞ்சிபுரம் மேயர் மீது வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம், கூட்டத்துக்குக் கவுன்சிலர்கள் வராததால் தோற்றது. இரண்டு ஊரிலும் மக்களை யாரும் கேட்கவில்லை.

மத்தியப் பிரதேசத்தில் கேட்டிருக்கிறார்கள். அங்கே நகராட்சிச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த தலைவரை மக்களே ரகசிய ஓட்டில் திரும்ப அழைக்க வழி செய்கிறது. அந்த ஓட்டுச்சீட்டு வேடிக்கையானது. வேட்பாளர் பெயர்ப் பட்டியல் கிடையாது; இரண்டே சின்னங்கள். ஒன்று ‘காலி குர்சி’, வெறும் நாற்காலி. இன்னொன்று ‘பரி குர்சி’, ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி. தலைவர் போக வேண்டுமென்றால் வெறும் நாற்காலியில் குத்த வேண்டும். பாவம், தலைவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள்: எதிரே நிற்பவரைத் திட்டி ஓட்டுக் கேட்கவும் வழியில்லை, எதிரே நிற்பது ஒரு மரச்சாமான்! விழுந்த ஓட்டில் பாதிக்கு மேல் காலி நாற்காலிக்குப் போனால் பதவி காலி. சத்தீஸ்கர் தனி மாநிலமான பிறகும் இதே சட்டத்தை வைத்துக்கொண்டது; 2008 ஜூனில் நவாகட், குண்டர்தேஹி, ராஜ்பூர் என்ற மூன்று சிற்றூர்களின் நகர் பஞ்சாயத்துத் தலைவர்கள் இப்படி வீட்டுக்குப் போனார்கள்.

இதைப் படித்துவிட்டு உடனே பொறாமைப்பட வேண்டாம். அங்கேயும் வாக்காளர் தானாக இதைத் தொடங்க முடியாது. தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களில் முக்கால்வாசிப் பேர் கையெழுத்துப் போட்டுக் கலெக்டரிடம் கொடுக்க வேண்டும். அவர் சரிபார்த்து மாநில அரசுக்கு அனுப்ப, அரசு தேர்தல் ஆணையத்துக்கு எழுத, அதற்கப்புறம்தான் உங்கள் விரலில் மை. தலைவர் பதவியேற்றுக் குறிப்பிட்ட காலம் ஆகியிருக்க வேண்டும். ஒரு பதவிக்காலத்தில் ஒருமுறைதான் முயலலாம். ஆக, குடிதண்ணீர் வராத கோபத்தில் தேர்தல் வருவதைவிட, கான்ட்ராக்டில் பங்கு கிடைக்காத கோபத்தில் வருவதற்கே வாய்ப்பு அதிகம். கவுன்சிலர்களும் தலைவரும் கூட்டாளிகள் என்றால் ஊர் எவ்வளவு கொதித்தாலும் அந்த நாற்காலிச் சீட்டு அச்சாகாது. மறுபக்கம், மக்கள் ஓட்டே நல்ல தலைவருக்குக் கவசமும் ஆகலாம். ராஜஸ்தானிலும் பிறகு இப்படியொரு சட்டம் வந்தது. 2012 டிசம்பரில் மங்ரோல் நகராட்சியில் கவுன்சிலர்கள் வேண்டாம் என்ற தலைவரை, ஓட்டுப் போட வந்த ஜனங்கள் ‘இருக்கட்டும்’ என்று வைத்துக்கொண்டார்கள்.

நீங்கள் மனதில் வைத்திருக்கும் கையெழுத்து முறை இருப்பது அமெரிக்காவின் கலிபோர்னியாவில். லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்தில் பெல் என்று ஒரு சின்ன நகரம். 2010இல் ஜனத்தொகை முப்பத்தைந்தாயிரம் சொச்சம், பெரும்பாலும் உழைத்துச் சாப்பிடும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள். நகர நிர்வாகி ராபர்ட் ரிசோ வருஷத்துக்கு ஏழே முக்கால் லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் எடுத்துக்கொண்டிருந்தார். பகுதிநேர வேலையான கவுன்சிலர் பதவிக்கு லட்சத்தைத் தொடும் தொகை. 2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் இதை அம்பலப்படுத்தியது. அதுவரை ஊருக்கு எப்படித் தெரியாமல் போனது? மாநிலம் விதித்த சம்பள வரம்பிலிருந்து நழுவ வழிவிட்ட 2005 சிறப்புத் தேர்தலில் விழுந்த மொத்த ஓட்டே நானூறுக்குக் கீழே. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கென்னவோ சம்பளத் தொகையைவிட இந்த நானூறுதான் அதிகம் உறுத்துகிறது.

செய்தி வந்த பிறகு ஊர்க்காரர்கள் ‘பாஸ்தா’ என்று ஓர் அமைப்பு தொடங்கினார்கள். ஸ்பானிய மொழியில் ‘போதும்’ என்று பொருள். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். கவுன்சிலர்களின் தயவு தேவைப்படவில்லை. அவர்களைத்தானே இறக்க வேண்டியிருந்தது! 2011 மார்ச் 8 அன்று மேயரும் இரண்டு கவுன்சிலர்களும் பதவியிழந்தார்கள். இன்னொருவர் முன்னதாகவே ராஜினாமா செய்திருந்தார். அங்கே அப்போது காலி நாற்காலியை விட்டுவைக்கும் வழக்கமில்லை. ‘இவர் போகலாமா’ என்பதும், போனால் யார் வரவேண்டும் என்பதும் அதே ஓட்டில் முடிந்துவிட்டது. ரிசோ தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்ல, சம்பளத்துக்கு வைத்த ஆள். அவரை ஓட்டுப் போட்டு இறக்க முடியாது. 2014இல் நீதிமன்றம் அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுச் சிறை கொடுத்தது.

நம் ஊருக்கு இப்படிச் சட்டம் வந்தால் தொடங்கும் உரிமை வாக்காளரிடம் இருக்க வேண்டும் என்பேன். முதல் இரண்டு வருஷம் தொடக்கூடாது என்ற விலக்கும் கூடவே வேண்டும். ஒதுக்கீட்டில் வந்த பெண் தலைவரையும் தலித் தலைவரையும் முதல் மாதமே விரட்டக் காத்திருக்கும் ஆட்கள் நம்மிடம் குறைவில்லை.

இன்றைக்கு உங்கள் கைக்கு எட்டுவது வார்டு கவுன்சிலர்தான். தலைவர் மீது நம்பிக்கையில்லை என்று கையெழுத்துப் போட அவரால்தான் முடியும், உங்களால் முடியாது. உங்கள் வார்டில், வாக்காளர்கள் கூடிப் பேசும் பகுதி சபை நடக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். ‘நிதி இல்லை’ என்ற பதிலையும் சும்மா விடாதீர்கள். குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் கடந்த இரண்டு வருஷம் மன்றம் போட்ட தீர்மானங்கள், செலவுக் கணக்கு, பணம் பெற்ற ஒப்பந்ததாரர் பட்டியல் ஆகியவற்றின் நகல் கேட்டு, பேரூராட்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.