மூலிகை மருந்தும் கல்லீரலும்: இரத்தப் பரிசோதனை கூறுவது என்ன?

மூலிகையால் தீங்கு நேராது என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. பல மூலிகைகள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது உண்மையே. ஆயினும் நாம் உட்கொள்ளும் பொருள்களுள் பெரும்பாலானவற்றைக் கல்லீரலே பக்குவப்படுத்துகிறது. அப்பணியின்போது சிலருக்கு அதுவே பாதிப்புக்கு உள்ளாகிறது.

சீந்தில் இதற்கு நாம் அறிந்த எடுத்துக்காட்டு. கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்பாற்றல் வேண்டிப் பலரும் சீந்தில் குடிநீர் அருந்தினர். அவ்வாறு அருந்தியபின் கல்லீரல் அழற்சிக்கு உள்ளான 6 பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினர். பின்னர் நாட்டின் 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 பேரின் விவரங்கள் வெளியாயின. சீந்திலை அதனையொத்த வேறொரு கொடியோடு குழப்பிக்கொள்ளலாகாது என ஆயுஷ் அமைச்சகம் அறிவுறுத்தியது.

அடிப்படைப் பரிசோதனைகள்

கல்லீரல் செல்கள் சிதையும்போது அவற்றினுள் இருக்கும் நொதிகள் இரத்தத்தில் கசிகின்றன. எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி என்று ஆய்வக அறிக்கையில் காணப்படுபவை இவையே. பித்த ஓட்டம் தடைப்படும்போது ஆல்கலைன் பாஸ்படேஸ் உயர்கிறது. பிலிருபின் உயர்ந்தால் கண்ணும் தோலும் மஞ்சள் நிறம் கொள்கின்றன. இரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு, கல்லீரல் தன் பணியை எவ்வளவு செய்கிறது என்பதை உணர்த்துகிறது.

பாதிப்பின் வகையை அறிய மருத்துவர்கள் ஓர் எளிய கணக்கைப் பயன்படுத்துகின்றனர். எஸ்ஜிபிடி தன் இயல்பு உச்ச அளவைப்போல் எத்தனை மடங்கு என்பதை, ஆல்கலைன் பாஸ்படேஸ் தன் உச்ச அளவைப்போல் எத்தனை மடங்கு என்பதால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, எஸ்ஜிபிடியின் உச்ச அளவு 40 எனில், 800 என்பது 20 மடங்கு. ஆல்கலைன் பாஸ்படேஸின் உச்ச அளவு 120 எனில், 180 என்பது 1.5 மடங்கு. 20-ஐ 1.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 13. விடை 5 அல்லது அதற்கு மேல் எனில் செல் சிதைவு. 2 அல்லது அதற்குக் கீழ் எனில் பித்தத் தேக்கம். இடைப்பட்டது கலப்பு வகை.

செல் சிதைவு வகையில் எஸ்ஜிபிடி மூன்று மடங்கைக் கடந்து, பிலிருபினும் இரு மடங்கைக் கடந்தால் எச்சரிக்கை தேவை. மருந்தினால் இந்நிலை அடைவோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் உயிரிழக்கவோ, கல்லீரல் மாற்றுச் சிகிச்சை பெறவோ நேரிடலாம்.

காரணத்தை உறுதிசெய்வது எவ்வாறு?

இவ்வளவுகள் பாதிப்பு உண்டு என்று கூறுமேயன்றி, அதற்குக் காரணம் மூலிகையே என்று கூறமாட்டா. ஆதலால் ஹெபடைடிஸ் ஏ, பி, சி, இ ஆகிய கிருமிகளுக்கான பரிசோதனைகளும், தன்னுடல் தாக்கு நோய்க்கான பரிசோதனைகளும், ஸ்கேனும் செய்யப்படுகின்றன. மது அருந்தும் பழக்கமும் பிற மருந்துகளும் வினவப்படுகின்றன. மூலிகையை நிறுத்தியபின் அளவுகள் குறைவதும் முக்கியமான சான்று. செல் சிதைவு வகையில் எட்டு நாள்களுக்குள் எஸ்ஜிபிடி பாதிக்கு மேல் குறையுமாயின் ஐயம் வலுப்படுகிறது. மீண்டும் மீண்டும் இரத்தம் எடுக்கப்படுவதன் நோக்கம் இதுவே.

புதிய அடையாளங்கள்

மைக்ரோ ஆர்என்ஏ-122, ஜிஎல்டிஎச் போன்றவை ஆய்வு நிலையில் உள்ளன. தசைச் சிதைவால் எஸ்ஜிபிடி உயர்ந்ததா, கல்லீரலாலா என்று பிரித்தறிய ஜிஎல்டிஎச் உதவக்கூடும். ஆயினும் எந்த மூலிகை காரணம் என்பதை இவை காட்டுவதில்லை.

மரபணுப் பரிசோதனை யாருக்குப் பாதிப்பு நேரக்கூடும் என்பதை ஓரளவு உணர்த்துகிறது. அமெரிக்காவில் மஞ்சள் சாற்று மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்புற்ற 10 பேரில் 7 பேரிடம் எச்எல்ஏ-பி 35:01 என்னும் ஒரே மரபுக்கூறு காணப்பட்டது. சமையலில் சேர்க்கும் மஞ்சளின் அளவு வேறு, செறிவூட்டிய மாத்திரையின் அளவு வேறு என்பதை நினைவிற்கொள்க. அக்கூறு உடைய அனைவருக்கும் பாதிப்பு நேர்வதும் இல்லை.

நோயாளிகளும் குடும்பத்தினரும் செய்ய வேண்டியவை

மூலிகைப் பொடி, இலேகியம், கஷாயம், உடல் எடைக் குறைப்பு மாத்திரை எதுவாயினும் மருத்துவரிடம் மறைக்காது கூறுங்கள். உங்களைக் கண்டிப்பதற்காக அவர் வினவுவதில்லை. மருந்தின் பொட்டலத்தையோ புட்டியையோ உடன் கொண்டுவாருங்கள். உட்கொள்ளத் தொடங்கிய நாளையும் நிறுத்திய நாளையும் குறித்துவாருங்கள்.

பசியின்மை, குமட்டல், கரும்பழுப்புச் சிறுநீர், அரிப்பு, மஞ்சள் நிறம் ஆகியன தோன்றினால் அம்மூலிகையை உடனே நிறுத்தி மருத்துவரை அணுகுங்கள். காமாலைக்கென வேறொரு பச்சிலை மருந்தை நாடுவது நோயை முற்றச் செய்யலாம். நோயாளியின் பேச்சில் குழப்பமோ மிகுந்த உறக்கமோ காணப்பட்டால் காலந்தாழ்த்தாது அவசரப் பிரிவுக்கு அழைத்துவாருங்கள். உரிய காலத்தில் நிறுத்தினால், பெரும்பாலானோரின் கல்லீரல் தானே நலம் பெறும்.