கடலுக்கு அடியில் நடந்த பாதை

மேட்டூர் அணையில் தண்ணி நல்லா இறங்கினால் பண்ணவாடியில் பழைய நந்தி சிலை வெளியே தெரியும். 1934-ல் அணை கட்டி முடித்தபோது மூழ்கிய ஊர்களின் அடையாளம் அது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி.

கடலும் இதேபோல நிலத்தை மூழ்கடித்திருக்கிறது. சுமார் 20,000 வருடங்களுக்கு முன் பனியுகம். ஏராளமான தண்ணீர் நிலத்தின் மேல் பனிக்கட்டியாக உறைந்து கிடந்தது. அதனால் கடல் இப்போது இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. அடி இல்லீங்க, மீட்டர்!

நம் பாக் நீரிணையோ பல இடங்களில் 10 மீட்டர் ஆழம்தான். அப்படின்னா அன்று இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம்! பனி உருகி, கடல் ஏறி, சுமார் 7,000 வருடங்களுக்கு முன்புதான் இலங்கை தனித் தீவானது.

இதற்கெல்லாம் சாட்சி கிடைக்குமா? கிடைக்கும். 1931-ல் இங்கிலாந்துக்குக் கிழக்கே வடகடலில் ஒரு மீன்பிடிப் படகின் வலையில் சதுப்பு மண்கட்டி சிக்கியது. உள்ளே, மனிதர் செதுக்கிய மான்கொம்பு ஈட்டிமுனை! கடலில் மானுக்கு என்ன வேலை? மூழ்கிய அந்த நிலத்தை இன்று டாகர்லாந்து என்கிறார்கள்.

“அப்போ குமரிக்கண்டமும் உண்மைதானே?” என்று கேட்பீர்கள். மூழ்கியது கரையோர நிலம்தான், கண்டம் இல்லை. குமரிக்குத் தெற்கே தள்ளிப் போனால் கடல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம். 120 மீட்டர் இறங்கினாலும் அங்கே தரை தெரியாது.

ஆகவே, கடல் கொண்ட நாடு என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: அங்கே ஆழம் எத்தனை மீட்டர்? நீங்களும் கேளுங்கள்!