ஆணி சுற்றும் பத்திரிகையில் ஆங்கிலம் படிப்போம்

இரும்புக் கடை வைத்திருப்பவர்கள் பழைய பத்திரிகையைக் கிலோக் கணக்கில் வாங்குவோம். ஆணியும் திருகாணியும் அதில்தான் சுற்றிக் கொடுபடும். ஆங்கிலப் பத்திரிகை என்றால் பக்கம் அதிகம் என்று கேட்டே வாங்குவோம். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. 2009ஆம் ஆண்டு வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர் நண்பர் ஒருவர் லீசிங்கில் லொறி எடுத்தார். பிணையாளிகள் மூவர், நானும் ஒருவன். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் 'ஜொயின்ட்லி அன்ட் செவரலி' என்ற சொற்களுக்கு அர்த்தம் கேட்டேன். 'சேர்ந்தும் தனித்தனியாகவும்' என்றார்கள். தனித்தனியாக என்றால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டு கையெழுத்து வைத்தேன்.

நண்பரின் வியாபாரம் விழுந்தது. மீதி ஆறு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாவையும் கம்பனி என்னிடமே கேட்டது. அந்தச் சொற்களின் சட்ட அர்த்தம் அதுதான்: பிணை நின்றவர்களில் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் அறவிடலாம். கட்டியவர் மற்றவர்களிடம் அவர்களுடைய பங்கைக் கேட்கலாம். ஆனால் அது அவருடைய பாடு. மற்ற இருவரில் ஒருவர் வெளிநாடு போய்விட்டார். மற்றவரிடம் கேட்டுப் பயனில்லை. கட்டி முடிக்க எனக்குப் பதினான்கு மாதங்கள் எடுத்தன.

அந்த நாட்களில் ஒரு மாலை, ஆணி சுற்ற எடுத்த தாளில் ஒரு நீதிமன்ற அறிவித்தல் கண்ணில் பட்டது. அதே மூன்று சொற்கள்! பிரதிவாதிகள் இருவரிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்டு வழக்குப் போட்டிருந்தார்கள். எனக்கு நட்டம் தந்த சொல்லின் அர்த்தம் என் கடைக்குள்ளேயே கிடந்திருக்கிறது. நான்தான் அதில் ஆணி சுற்றிக் கொடுத்திருக்கிறேன்.

எந்தப் பக்கத்தை வாசிப்பது?

ஆங்கிலப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசிக்கத் தொடங்கினால் மூன்றாம் நாள் விட்டுவிடுவோம். 1918 முதல் வெளிவரும் டெய்லி நியூஸாக இருக்கட்டும், வர்த்தகச் செய்திகளுக்கென்றே வரும் டெய்லி எப்.ரி.யாக இருக்கட்டும், நாளொன்றுக்கு இரண்டு விடயங்கள் போதும்: ஒரு வர்த்தகச் செய்தி, ஓர் அறிவித்தல். கடை திறக்க முன்னர் இருபது நிமிடம் ஒதுக்கினால் முடியும்.

அறிவித்தல்களை நான் விசேடமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டென்டர், ஏல விற்பனை, வங்கித் தீர்மானம் என்று எதை எடுத்தாலும் அதே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஐந்து ஏல அறிவித்தல்களை வாசித்தவருக்கு ஆறாவது இலகுவாக விளங்கும். 'பராட்டே' என்ற சொல்லை அங்கே காண்பீர்கள். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஈடு வைத்த சொத்தை வழக்குப் போடாமலேயே வங்கி ஏலம் விடும் முறைக்குத்தான் அந்தப் பெயர். காணி உறுதியை வங்கியில் வைத்திருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய சொல்.

அகராதி மட்டும் போதாது

சொல்லின் அர்த்தம் அது நிற்கும் இடத்தில்தான் தெரியும். 'அவுட்ஸ்டாண்டிங்' என்றால் மிகச் சிறந்தது என்று பாடசாலையில் படித்தோம். கம்பனிக் கடிதத்தில் வந்தால் அது நாம் கட்டவேண்டிய நிலுவை. 'ஹொனர்' என்றால் மரியாதை. காசோலையோடு வந்தால் வங்கி அதற்குப் பணம் கொடுத்தது என்று பொருள். 'இன்ட்ரஸ்ட்' ஓரிடத்தில் ஆர்வம், ஓரிடத்தில் வட்டி, இன்னோரிடத்தில் ஒரு தொழிலில் நமக்குள்ள பங்குரிமை.

2020இல் கொரோனாக் காலத்தில் 'மொரட்டோரியம்' என்ற சொல் பத்திரிகைகளில் நிறைந்திருந்தது. தவணை கட்டுவதைத் தள்ளிப்போட அனுமதிப்பது என்பதே அதன் அர்த்தம். கடனை விட்டுக்கொடுப்பதற்குச் சொல் வேறு, அது 'வெயிவ்'. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து இருந்தவர், தவணைகள் திரும்பி வந்தபோது திண்டாடினார். 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நாடு இடைநிறுத்தியபோது 'டிபோல்ட்', 'ரீஸ்ட்ரக்சரிங்' என்ற சொற்கள் வந்தன. முதலாவது, தவணை தவறுதல். இரண்டாவது, கடனின் நிபந்தனைகளை மாற்றியமைத்தல். நாட்டுக்கு வந்த அதே சொற்கள்தான் நமது கடைக்கு வரும் கடிதத்திலும் வரும்.

விலைக் கூற்றில் வற் வரி 'எக்ஸ்குளூசிவ்' என்றிருந்தால் வரி சேர்க்கப்படவில்லை; 'இன்குளூசிவ்' என்றால் சேர்ந்திருக்கிறது. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம். ஒரு இலட்சம் ரூபாச் சரக்கில் அந்த ஒரு சொல்லுக்கு விலை 18,000 ரூபா.

தலைப்புகளின் மொழி

செய்தித் தலைப்புகளில் இடம் குறைவு. அதனால் சின்னச் சொற்களாகப் போடுவார்கள். 'ஹைக்' என்றால் விலையேற்றம், 'ஸ்லாஷ்' என்றால் பெருமளவு குறைத்தல், 'புரோப்' என்றால் விசாரணை, 'நொட்' என்றால் அனுமதி, 'மல்' என்றால் ஆலோசித்தல். நேற்று நடந்ததையும் இன்று நடப்பது போலவே எழுதுவார்கள். ஆகவே முதலில் செய்தியை வாசித்துவிட்டுப் பிறகு தலைப்புக்கு வாருங்கள். தலைப்பு தானாக விளங்கும்.

கொப்பியில் எழுதும் முறை

நாளுக்கு ஐந்து சொற்களுக்கு மேல் வேண்டாம். புதிய சொல்லைக் கண்டதும் அகராதிக்கு ஓடாமல், வசனத்தை வைத்து அர்த்தத்தை ஊகியுங்கள். பிறகு அகராதியைப் பாருங்கள். ஊகித்து அறிந்தது மறக்காது.

கொப்பியில் சொல்லை மட்டும் எழுதாமல் அது வந்த வசனத்தையும் எழுதுங்கள். அடுத்து அதன் குடும்பத்தை எழுதுங்கள்: 'டக்ஸ்' வரி என்றால், 'டக்ஸபள்' வரிக்குரியது, 'டக்ஸேஷன்' வரிவிதிப்பு. ஒரு சொல்லுக்கு மூன்று சொல் கிடைக்கிறது. அதோடு சேர்ந்து வரும் சொல்லையும் குறியுங்கள். வரியோடு 'லெவி' வரும். தண்டப் பணத்தோடு 'வெயிவ்' வரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னர் தமிழ்ப் பக்கத்தை மூடிவைத்து, அந்த வாரச் சொற்களை நீங்களே உங்களிடம் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைக்கும் அதே பத்திரிகை

என் மகன் வங்கிப் பரீட்சைக்குப் படிக்கிறான். வழிகாட்டிப் புத்தகத்திலிருந்து ஒரே இரவில் முப்பது சொல் மனனம் செய்வான். அடுத்த கிழமை கேட்டால் பத்துக்கூட மிஞ்சாது. போட்டிப் பரீட்சையில் சொல்லைத் தனியாகக் கேட்பது குறைவு. வசனத்தில் வைத்துக் கேட்பார்கள், அல்லது ஒரு பந்தியைத் தந்து விளங்கியதா என்று சோதிப்பார்கள். இப்போது காலையில் நான் அறிவித்தலை வாசிக்க, அவன் ஆசிரியர் தலையங்கத்தை வாசித்து மூன்று வரியில் சுருக்கி எழுதுகிறான். அவனுக்கு இலக்கணம் தெரியும். எனக்கு வியாபாரம் தெரியும். ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்கிறோம்.

அல்குர்ஆனின் மிக நீளமான வசனம், சூரா அல்பகராவின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது. எழுதுபவருக்கு வாசகத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் கடனைச் சுமப்பவர் என்று அது சொல்கிறது. இன்று கடன் தருபவரே பத்திரத்தை எழுதி வருகிறார். நாம் கையெழுத்து மட்டும் வைக்கிறோம். அதிலுள்ளது நமக்கு விளங்கவாவது வேண்டாமா?

பத்திரிகை சட்டத்தரணிக்குப் பதிலாகாது. பெரிய பத்திரம் என்றால் அவரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் எந்தச் சொல்லைக் காட்டிக் கேட்பது என்பதாவது நமக்குத் தெரியவேண்டும். இந்த வாரம் உங்கள் மேசை லாச்சியில் கிடக்கும் ஒப்பந்தம் ஒன்றை எடுத்து, விளங்காத ஐந்து சொற்களுக்குக் கீழே கோடிடுங்கள். நாளைக் காலைப் பத்திரிகையில் அவற்றைத் தேடுங்கள். இன்ஷா அல்லாஹ், ஒன்றாவது கிடைக்கும்.