ஒவ்வொரு பாட்டுக்கும் முதலிலிருந்தா?

கேள்வி: தேவாலயப் பாடகர் குழுவுக்காக மியூஸ்கோர் என்ற இசைக்குறிப்பு மென்பொருளில் நான்கு குரல் ஸ்கோர் எழுதுகிறேன். குரல்கள், எழுத்துரு, தாள் அளவு என்று ஒவ்வொரு முறையும் புதிதாக அமைக்க வேண்டியிருக்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. ஒரு மாலை ஒதுக்கி நல்ல டெம்ப்ளேட் ஒன்று செய்துவிடுங்கள். அது தனி வகைக் கோப்பு அல்ல. மியூஸ்கோர் 4-இல் சாதாரண ஸ்கோரையே, டாக்குமென்ட்ஸில் உள்ள மியூஸ்கோர்4 ஃபோல்டரின் டெம்ப்ளேட்ஸ் பகுதியில் சேமித்தால் போதும். புதிய ஸ்கோர் தொடங்கும்போது பட்டியலில் வந்துவிடும்.

அதற்குள் என்ன வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். டெனருக்குத் தனி வரி கொடுத்தால், கீழே 8 போட்ட ட்ரெபிள் கிளெஃப் வையுங்கள். இல்லையென்றால் கணினி ஓர் ஆக்டேவ் மேலே வாசிக்கும். ஒத்திகையில் டெனர்கள் திணறிப்போவார்கள். பாடல் வரிகளுக்குத் தமிழ் எழுத்துருவை ஃபார்மட் மெனுவின் ஸ்டைலில் மாற்றுங்கள். அங்கே ஒற்றைப்படை வரிகளுக்கும் இரட்டைப்படை வரிகளுக்கும் தனித்தனி அமைப்பு இருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் முதல் சரணம் அழகாகவும் இரண்டாம் சரணம் வேறு எழுத்திலும் வரும். பலர் தடுமாறும் இடம் இதுதான். தாளை ஏ4 ஆக்கிவிடுங்கள்.

முன்பே எழுதிய பாட்டுகளை டெம்ப்ளேட் தொடாது. அவற்றுக்கு ஸ்டைலை மட்டும் தனியே சேமித்து, ஒவ்வொரு பழைய ஸ்கோரிலும் அதே ஃபார்மட் மெனு வழியாக ஏற்றிக்கொள்ளுங்கள்.