உச்சமும் திருப்பமும்

வான சாஸ்திரத்தில் ‘உச்சம்’ என்றொரு சொல் உண்டு. சுற்றிவரும் ஒரு கோள் தன் மையத்திலிருந்து மிகத் தொலைவில் நிற்கும் இடத்தை அது குறிக்கிறது. ராசியில் ஒரு கிரகம் ‘உச்சம் பெறுவது’ என்று ஜோதிடர் கூறுவது வேறு, இது வேறு. சூரிய சித்தாந்தம் முதலிய நூல்கள் இந்தத் தொலைமுனையை ‘மந்தோச்சம்’ என்கின்றன. அங்கே கோளின் நடை மிகவும் மந்தமாக இருக்கும். மேலைநாட்டார் சந்திரனின் தொலைமுனையை ‘அபோஜீ’ என்பர். ‘பூமிக்கு அப்பால்’ என்பது அதன் கிரேக்க மூலப்பொருள்.

புகழின் உச்சம், அதிகாரத்தின் உச்சம் என்று உலக வழக்கிலும் இச்சொல் வழங்குகிறது. ஆங்கிலேயரும் அபோஜீயை இப்பொருளில் ஆள்கின்றனர். உயர்வையும் தொலைவையும் ஒரே சொல் குறிப்பது ஆன்மிக சாதகனின் சிந்தனைக்கு உரியது.

வானம் கற்பிப்பது

பூமியின் பாதை முழு வட்டம் அன்று, நீள்வட்டம் என்பதைக் கெப்ளரின் ஆராய்ச்சி காட்டிற்று. ஜனவரி முதல் வாரத்தில் சூரியனிலிருந்து சுமார் 14.7 கோடி கி.மீ. தொலைவில் இருக்கும் பூமி, ஜூலை முதல் வாரத்தில் சுமார் 15.2 கோடி கி.மீ. தொலைவுக்குச் செல்கிறது. அப்போது அதன் வேகமும் சற்றுக் குறைகிறது.

ஹாலி வால்நட்சத்திரத்தில் இவ்வேறுபாடு மிகப் பெரிது. 1986-இல் சூரியனை நெருங்கியபோது அது வினாடிக்கு ஐம்பது கி.மீ.க்கும் மேலான வேகத்தில் பாய்ந்தது. 2023 டிசம்பரில் நெப்டியூனின் பாதைக்கும் அப்பால் தன் தொலைமுனையை அடைந்தபோது, அதன் வேகம் வினாடிக்கு ஒரு கி.மீ.க்கும் குறைவு. அங்கே சூரியன் ஓர் ஒளிப்புள்ளியாகவே தோன்றும். ஆயினும் அதன் ஈர்ப்பு அற்றுப்போகவில்லை. அந்த ஈர்ப்பே வால்நட்சத்திரத்தைத் திருப்பிற்று. 2061-இல் அது மீண்டும் சூரியனை நெருங்கும்.

இரண்டு உச்சங்கள்

மகாபாரதம் கூறும் யயாதி மன்னன் தவத்தாலும் தானத்தாலும் சொர்க்கம் எய்தினான். தவத்தில் அவனுக்கு நிகர் யார் என்று இந்திரன் வினவியபோது, தேவரிலும் மனிதரிலும் முனிவரிலும் தனக்கு நிகராக ஒருவரையும் காணவில்லை என்றான். அந்த ஒரு சொல்லால் அவன் புண்ணியம் தேய்ந்தது, கீழே விழுந்தான். உச்சியில் நின்றவன் தன்னையே மையம் என்று எண்ணியதுதான் வீழ்ச்சிக்குக் காரணம். எனினும், விழும்போதாவது நல்லோர் நடுவே விழவேண்டும் என்று அவன் வேண்டினான். அவ்வாறே தன் மகளின் மைந்தர்களிடையே வந்து சேர்ந்து, அவர்களால் மீண்டும் உயர்ந்தான்.

1893 செப்டம்பரில் சிகாகோ சர்வசமயப் பேரவையில் சுவாமி விவேகானந்தர் பெரும்புகழ் எய்தினார். செல்வர் ஒருவர் இல்லத்தில் மென்மையான படுக்கை அவருக்கு அளிக்கப்பட்டது. அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. தாய்நாட்டின் ஏழைகளை நினைத்துத் தரையில் புரண்டு கண்ணீர் வடித்தார் என்று அவரது வாழ்க்கை வரலாறு கூறுகிறது. உலகம் உச்சம் என்று போற்றிய வேளையில் அவரது உள்ளம் மையத்தை நோக்கித் திரும்பியது. 1897-இல் அவர் நிறுவிய ராமகிருஷ்ண மிஷனின் தொண்டில் அந்தக் கண்ணீரின் பயனைக் காணலாம்.

சாதகனின் பயிற்சி

சாதகனுக்கும் தொலைமுனை உண்டு. ஜபத்தில் சுவை குன்றும். தியானத்தில் மனம் நிலைக்காது. இறைவன் எட்டாத தொலைவில் இருப்பதாகத் தோன்றும். பலர் அந்நிலையில்தான் சாதனையைக் கைவிடுகின்றனர். நடை தளர்ந்தது என்பதால் ஈர்ப்பு அற்றது என்று ஆகாது. இறைவன் விலகியதை அந்த வறட்சி காட்டுவதில்லை. திரும்ப வேண்டிய இடம் வந்துவிட்டதையே காட்டுகிறது.

அங்கே செய்யத்தக்கது என்ன? தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்கள் பல முதலில் நீள்வட்டப் பாதையிலேயே செலுத்தப்படுகின்றன. அவை ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்திலுள்ள தொலைமுனையை அடையும்போது அவற்றின் இயந்திரம் இயக்கப்படுகிறது. அங்கே தரப்படும் உந்துதல் பாதையின் எதிர்முனையை உயர்த்துகிறது. சில முறை இவ்வாறு செய்தபின், ஏற்றத்தாழ்வு மிக்க நீள்வட்டம் சீரான வட்டமாகிறது.

வறண்ட நாளில் தவறாமல் செய்யும் ஒரு மாலை ஜபம், புகழ் வந்த நாளில் ஆற்றும் மறைவான ஒரு தொண்டு ஆகியவையே அத்தகைய உந்துதல்கள். உணர்ச்சி பொங்கும் நாளில் செய்வது எளிது. தொலைமுனையில் செய்வதே வாழ்க்கைப் பாதையைச் சீராக்கும். கீதை யோகம் என்று போற்றும் சமநிலை இவ்வாறே சிறிது சிறிதாக அமைகிறது.

உயர்வு வந்தாலும் தளர்ச்சி வந்தாலும் சாதகன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘என் மையம் எது?’ அதை மறவாதவனுக்குத் தொலைமுனையும் திரும்பும் வழியின் தொடக்கமே.